மூணாவது ட்ரம்பெட்டுக்கும் வேலை வெச்ச ஒரு ஈஸி ராக் சார்ட்

பசங்க பிக் பேண்டுக்காக ஒரு பாப் ராக் சார்ட் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா நோட்டு எழுதின செட்) வாங்கி ஆறு வாரமா வாசிச்சுட்டு இருக்கோம், அதப் பத்தி ரிவ்யூ மாதிரி எழுதிடலாம்னு தோணுச்சு. பேர் போடப் போறதில்ல. பார்ட்ஸ்ல இருக்கற ஒரு அச்சுப்பிழைக்காக கடைசில கொஞ்சம் திட்டப்போறேன், பேரச் சொல்லி திட்ட மனசு வரல. ஆனா இந்த லெவல்ல எந்த சார்ட்டக் கையில எடுத்தாலும் நான் பாக்கறது இதே விஷயங்களத்தான், அதனால பேர் தெரியாட்டியும் படிக்கறவங்களுக்கு ஏதாவது தேறும்.

முதல்ல ஆள் கணக்கு. பிக் பேண்டுன்னா புஸ்தகப்படி 17 பேர்: அஞ்சு சாக்ஸ், நாலு ட்ரம்பெட், நாலு ட்ராம்போன், அப்புறம் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். பசங்க பேண்ட்ல அந்த 17 என்னிக்குங்க ஒழுங்கா கூடியிருக்கு? எங்க கிட்ட ஆல்டோ சாக்ஸ் மட்டும் அஞ்சு பேர், ட்ராம்போன் ரெண்டே பேர், அதுலயும் ஒருத்தன் பாதி நாள் லீவு, ஒரு ஃப்ளூட் பொண்ணு வேற "நானும் இருக்கட்டுமா சார்"னு வந்து நிக்குது, போன்னு எப்படி சொல்றது. இந்த செட்ல ஃப்ளூட், கிளாரினெட், ஹார்ன், ட்யூபா எல்லாத்துக்கும் தனி பார்ட் குடுத்திருக்காங்க, மூணாவது நாலாவது ட்ராம்போன், நாலாவது ட்ரம்பெட் எல்லாம் இல்லாட்டியும் பரவால்லன்னு போட்டிருக்கு. பரவால்லன்னு எல்லாருந்தான் போடுவாங்க, நெஜமாவே பரவால்லையான்னு ஒரு மழை நாள்ல தெரிஞ்சுது, மொத்தமே ஒன்பது பேர்தான் வந்தாங்க, ரெண்டு ஆல்டோ, ஒரு டெனர், ரெண்டு ட்ரம்பெட், ஒரு ட்ராம்போன், பேஸ், பியானோ, ட்ரம்ஸ். சரி சும்மா ஓட்டுவோம்னு ஓட்டினா பாட்டு பாட்டாவே கேட்டுச்சு. மெலடியும் அதுக்கு ஒட்டின முக்கியமான ஹார்மனியும் மேல் பார்ட்லயே இருக்கற மாதிரி இத எழுதினவர் பாத்திருக்காரு, கீழ் பார்ட் எல்லாம் மேல சேக்கற கலர். இப்படி எழுதறது பாக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா நெறைய பேர் கார்டோட (சேந்து ஒலிக்கற நோட்டுங்க) மூணாவது நோட்ட கொண்டுபோய் நாலாவது ட்ரம்பெட் கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்க, அந்தப் பையன் அன்னிக்கு வரலன்னா பாட்டு மேஜரா மைனரான்னே தெரியாது.

அடுத்து கீ, அதாவது பாட்டு எந்த ஸ்கேல்லங்கறது. ஜி மைனர். இத தேர்ந்தெடுத்ததுக்கே எழுதினவர் கையப் புடிச்சு குலுக்கலாம். ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட் வாத்தியம், பேப்பர்ல இருக்கற நோட்டு ஒண்ணு, கேக்கற நோட்டு வேற, அவங்களுக்கு இது ஏ மைனர் ஆயிடும், கீ சிக்னேச்சர்ல (வரி ஆரம்பத்துல போடற ஷார்ப் ஃப்ளாட்) ஒண்ணுமே இருக்காது. ஆல்டோவுக்கும் பாரி சாக்ஸுக்கும் (பெரிய, தாழ்ந்த குரல் சாக்ஸ்) இ மைனர், ஒரே ஒரு ஷார்ப். ட்ராம்போனுக்கு ரெண்டு ஃப்ளாட், அவங்களுக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு. கிட்டார்காரன் மூணாவது ஃப்ரெட்ல ஒரு பார் கார்ட் புடிச்சா ஜி மைனர் வந்துடும். பொதுவா ஹார்ன்காரங்களுக்கு (ஊதற வாத்தியக்காரங்க எல்லாரையும் இப்படித்தான் சொல்றது) ஈஸியான கீன்னா கிட்டார் பசங்க முகத்த சுளிப்பாங்க, கிட்டாருக்கு ஈஸியா இ, ஏன்னு எழுதினா ஆல்டோக்காரன் ஆறு ஏழு ஷார்ப்பப் பாத்து ஓடிருவான், இது ரெண்டு பக்கமும் சண்டை இல்லாத எடம்.

உயரமும் அளவா இருக்கு. முதல் ட்ரம்பெட்டுக்கு ஸ்டாஃபுக்கு மேல முதல் கோட்டுல வர்ற ஏ வரைக்குந்தான், அதுவும் கடைசி கார்ட்ல மட்டும், அதுக்கும் கீழ ஒரு மாத்து நோட்டு சின்னதா போட்டிருக்காங்க. எங்க முதல் ட்ரம்பெட் பையன் மாத்து நோட்ட ஒரு தடவை கூட வாசிக்கல, வராட்டியும் மேலதான் அடிப்பேன்னு நிக்கறான், பத்துல ஆறு தடவை வருது, மிச்ச நாலு தடவை வர்ற சத்தத்தப் பத்தி நான் இங்க எழுதல.

இப்ப மெயின் விஷயம். கவர்ல 'ஈஸி'ன்னு போட்டிருக்கு. நோட்டு ஈஸிதான், சத்தியமா ஈஸி, ஒரு மணி நேரத்துல எல்லாருக்கும் விரல் வந்துடுச்சு. அப்புறம் மூணு வாரம் தாளத்தோட மல்லுக்கட்டினோம். ஏன்னா எங்க பசங்க அதுவரைக்கும் ஸ்விங் வாசிச்சுட்டு இருந்தாங்க, எய்ட்த் நோட்ட (அரை பீட் நோட்டு) முதல்ல நீளம் அடுத்தது குட்டைன்னு ஆட்டி ஆட்டி வாசிக்கறத நானே மண்டையில ஏத்தி வெச்சிருந்தேன், ராக்ல வந்து ரெண்டும் சமம்னு சொன்னா கை கேக்கல. அதுலயும் சாக்ஸ் செக்‌ஷன் சமமா வாசிக்குது, ட்ரம்ஸ் பையன் ஹை-ஹாட்ல தன்னையறியாம ஸ்விங் பண்றான், கேட்டா ஒரு கால் நொண்டற மாதிரி இருக்கும். ஒரு நாள் வாத்தியத்த எல்லாம் கீழ வைக்கச் சொல்லிட்டு "தக தக தக தக, சமமா சொல்லுங்கடா, எட்டும் ஒரே சைஸு"ன்னு சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல ஒக்காந்துச்சு. இத மூணு வாரம் முன்னாடியே பண்ணியிருக்கலாம், வாத்தியாருக்குத்தான் புத்தி லேட்டா வருது.

ஆனா இதே 'தக தக'தான் அடுத்த பிரச்சனைக்கும் மருந்தாச்சு. இந்தப் பாட்டோட மெலடில முக்கியமான அடி எதுவும் ஒண்ணுல விழறதில்ல, அதுக்கு அரை அடி முன்னாடி, நாலாவது பீட்டோட பின்பாதில விழுந்து அடுத்த பாருக்குள்ள (நாலு பீட் சேந்தா ஒரு பார்) இழுத்துட்டுப் போகும். பாப் பாட்டுல பாடறவங்க எல்லாம் இப்படித்தான் வார்த்தைய முன்னாடியே போடுவாங்க, காதுக்கு ரொம்பப் பழக்கமான விஷயம், ஆனா பேப்பர்ல டை (ரெண்டு நோட்ட சேக்கற வளைவு கோடு) போட்டு எழுதிக் காமிச்சா பசங்களுக்கு அது கணக்குப் பரீட்சை. பாதிப் பேர் முன்னாடி, பாதிப் பேர் ஒண்ணுல, சுவத்துல ரெண்டு தடவை கதவு மோதற மாதிரி 'டபடப்'னு ஒரு சத்தம். "கடைசி 'க'ல விழணும், அடுத்த 'த'ல இல்ல, அடுத்த 'த'ல நீ ஏற்கெனவே உள்ள இருக்கணும்"னு சொன்னதும் டெனர் பொண்ணு ஒண்ணு "அப்போ எல்லாருக்கும் முன்னாடியே பஸ்ல ஏறி ஒக்காந்துடணும், அப்படித்தான சார்"னுச்சு. அதே அதே. இப்ப நாங்க யாரும் ஆண்டிசிபேஷன்னு சொல்றதில்ல, 'பஸ் நோட்'னுதான் சொல்றோம்.

இந்த இடத்துல எழுதினவர் பண்ணின ஒரு நல்ல காரியத்த சொல்லணும். முதல் எட்டு பார் இண்ட்ரோல பேஸும் ட்ரம்ஸும் மட்டும் வாசிக்கற ரிஃப்லயே (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) அந்த முன்னடி இருக்கு. ஹார்ன் பசங்க எட்டு பார் சும்மா ஒக்காந்து அதக் கேட்டுட்டுத்தான் உள்ள வராங்க. காது முதல்ல புரிஞ்சுக்கும், கண்ணு அப்புறம் வரும். அந்த எட்டு பாரையும் எண்ணாம கேளுங்கடான்னு சொன்னேன், எண்ணினவங்க தப்பா வந்தாங்க, கேட்டவங்க சரியா வந்தாங்க. (ரெண்டு பேர் எண்ணவும் இல்ல, கேக்கவும் இல்ல, அது வேற கதை.)

தலைப்புல சொன்ன மூணாவது ட்ரம்பெட்டுக்கு வரேன். ஒரு ஈஸி சார்ட் நல்லதா இல்லையான்னு பாக்க நான் ஸ்கோர (எல்லா பார்ட்டும் ஒண்ணா இருக்கற புஸ்தகம்) கூட தொறக்க மாட்டேன், மூணாவது ட்ரம்பெட் பார்ட்டயும் ரெண்டாவது ஆல்டோ பார்ட்டயும்தான் முதல்ல உருவுவேன். முதல் ட்ரம்பெட் பார்ட் எல்லா சார்ட்லயும் நல்லாத்தான் இருக்கும், விக்கறதே அத வெச்சுத்தான். மூணாவதுல ரெண்டு பக்கத்துக்கு முழு நோட்டும் ரெஸ்டுமா (வாசிக்காம இருக்கற எடம்) நீண்டு கெடந்துச்சுன்னா அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் பேண்டுக்கு வராது, அவ்ளோதான். எங்க மூணாவது ட்ரம்பெட் அப்படிப்பட்ட ஒரு பொண்ணுதான், சத்தமே வராது, வாசிக்கறாளா இல்ல வாசிக்கற மாதிரி வெச்சுட்டு இருக்காளான்னு எனக்கே பல நாள் சந்தேகம். இதுல பிரிட்ஜ்ல, அதாவது பாட்டு இ ஃப்ளாட் பக்கம் போய் கொஞ்சம் வெளிச்சமாகற எடத்துல, எட்டு பார் மெலடி யார் கிட்டன்னா மூணாவது ட்ரம்பெட், ரெண்டாவது டெனர், முதல் ட்ராம்போன், மூணும் சேந்து. முதல் ட்ரம்பெட்டுக்கு அந்த எட்டு பாரும் ரெஸ்ட். உயரம் நடுவாந்தரம், மூச்சு விட எடம் இருக்கு, கூட ரெண்டு வாத்தியம் தாங்கிப் புடிக்குது, தப்பானா தனியாத் தெரியாது. முதல் தடவை அந்த எடம் வந்தப்போ அவ வாசிக்கவே இல்ல, நிறுத்தி "என்னம்மா"ன்னு கேட்டா "இது எனக்கா சார், பார்ட் மாறி வந்துடுச்சுன்னு நெனச்சேன்"ங்கறா. நாலாவது வாரம் மூணு பேரும் தனியா கூடி ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்தாங்க, நான் சொல்லாமலே. அந்த ஒரு பிரிட்ஜுக்காகவே இந்த சார்ட்ட திரும்ப வாங்கலாம்.

இனி குறைங்க. இண்ட்ரோ ரிஃப் நல்லா இருக்குன்னு சொன்னேன்ல, ரெண்டாவது தடவை அது வரும்போது அதே ரிஃப்ப கீழ் ட்ராம்போனுக்கும் பாரி சாக்ஸுக்கும் குடுத்திருக்காரு. பேப்பர்ல ஜி, பி ஃப்ளாட், சி, மூணே நோட்டு. பாரிக்கு ஒண்ணுமில்ல. ட்ராம்போன்ல ஸ்லைட எவ்ளோ வெளிய தள்றோம்ங்கறதுதான் பொசிஷன், முதலாவது கிட்ட, எண் ஏற ஏற தூரம். அந்த தாழ்ந்த ஜி நாலாவது பொசிஷன், பி ஃப்ளாட் முதல் பொசிஷன், சி ஆறாவது பொசிஷன். அதாவது மூக்குக்குப் பக்கத்துல இருக்கற ஸ்லைட கை நீளம் முழுக்க தள்ளிட்டு உடனே திரும்ப இழுக்கணும், நிமிஷத்துக்கு 132 பீட்ல, ஒரு எய்ட்த் நோட்டுன்னா கால் செகண்டுக்கும் கம்மி. பன்னெண்டு வயசுப் பையனுக்கு ஆறாவது பொசிஷனுக்கு கையே முழுசா எட்டாது, அவன் ஒடம்பையே சாச்சு தள்றான், முன்னாடி ஒக்காந்திருக்கற சாக்ஸ் பொண்ணு மண்டையில இடி. எழுதினவர் நிச்சயமா பியானோல ஒக்காந்து எழுதியிருக்காரு. ட்ரிக்கர் வெச்ச ட்ராம்போனா இருந்தா கட்டை விரல அமுக்கினா அதே சி முதல் பொசிஷன்லயே வந்துடும், பிரச்சனை தீர்ந்துது, ஆனா பசங்க கையில இருக்கற வாத்தியத்துல அது இருக்காது. நான் பண்ணினது, அந்த ரிஃப்ப மொத்தமா ஒரு ஆக்டேவ் மேல தூக்கிட்டேன், மேல இருக்கற ஜி நாலு, பி ஃப்ளாட் ஒண்ணு, சி மூணு, எல்லாம் கைக்குள்ள. அடித்தொண்டை கனம் கொஞ்சம் போச்சு, அத பாரி சாக்ஸும் பேஸும் பாத்துக்கட்டும்.

ட்ரம்ஸ் பார்ட் பத்தி பாதி பாராட்டு பாதி புகார். முதல் ரெண்டு பார் முழுசா எழுதியிருக்கு, கிக் எங்க, ரெண்டுலயும் நாலுலயும் ஸ்நேர், மேல ஹை-ஹாட் எட்டு, அதுக்கப்புறம் வெறும் சாய்வு கோடு போட்டு இதே மாதிரி ஓட்டுன்னு விட்டுட்டாங்க. அனுபவம் இருக்கறவனுக்கு இதுதான் வேணும், புதுப் பையனுக்கு முப்பது பார் கோட்டப் பாத்தா எங்க இருக்கோம்னே தெரியாது. ஆனா ஹார்ன்ஸ் அடிக்கற முக்கியமான எடமெல்லாம் கோட்டுக்கு மேல சின்ன நோட்டா காமிச்சு, யாரு அடிக்கறாங்கன்னும் எழுதியிருக்கு, அது பெரிய உதவி. புகார் என்னன்னா பார்ட் மூணு பக்கம், ரெண்டாவது பக்கம் சரியா ஷவுட் கோரஸுக்கு (எல்லாரும் சேந்து உரக்க வாசிக்கற எடம்) முன்னாடி வர்ற பெரிய ஃபில்ல (ட்ரம்ஸ் உருட்டி அடிக்கற எடம்) முடியுது. ரெண்டு கையும் டாம்ல இருக்கற நேரத்துல எந்தக் கையால பக்கத்தத் திருப்பறதாம்? எங்க பையன் மூணு பக்கத்தையும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு ஸ்டாண்ட்ல விரிச்சு வெச்சிருக்கான், பாக்க ஏதோ பந்தல் போட்ட மாதிரி இருக்கும்.

பியானோ, கிட்டார், பேஸ் மூணுக்கும் பார்ட் முழுசா எழுதி மேல கார்ட் பேரும் போட்டிருக்கு. பேஸ் பார்ட் அருமை. பியானோவுக்கு வேலை கம்மி, ராக்ல அது அப்படித்தான். கிட்டார் பையனுக்கு பெடல் எல்லாம் எடுத்துட்டு வர சான்ஸ் கெடச்ச சந்தோஷம், முதல் நாள் அவன் ஒருத்தன்தான் கேட்டான், மிச்ச எல்லாரும் வாயசைச்சாங்க. வால்யூம கொறைடான்னு சொல்றது என் வேலைல பாதி ஆயிடுச்சு, இதுக்கு சார்ட்ட குறை சொல்ல முடியாது.

சோலோ பகுதி 16 பார், ஜி மைனர் செவனும் சி செவனும் மாறி மாறி, எத்தன தடவை வேணும்னாலும் சுத்திக்கலாம். டெனருக்கும் ட்ரம்பெட்டுக்கும் எழுதின சோலோ ஒண்ணு குடுத்திருக்காங்க, வாசிக்கலாம், ஆனா ஒப்பிச்ச மாதிரி இருக்கும், எல்லா பார்லயும் எட்டு நோட்டு, மூச்சே விடல அந்த மனுஷன். நாங்க அத ஓரமா வெச்சுட்டோம். ஜி மைனர் பெண்டடோனிக் அஞ்சு நோட்டு இருக்குல்ல, ட்ரம்பெட் டெனருக்கு அது ஏ, சி, டி, இ, ஜி, ஆல்டோ பாரிக்கு இ, ஜி, ஏ, பி, டி, ஒரு ஷார்ப் ஃப்ளாட் கூட கெடையாது, ட்ராம்போனுக்கு ஸ்டாஃப் மேல் பாதிலயும் அதுக்கு மேலயும் எல்லாமே நாலு பொசிஷனுக்குள்ள. இந்த அஞ்ச மட்டும் போர்டுல எழுதிட்டு யார் வேணா எந்திரிங்கன்னேன். பாரி சாக்ஸ் பொண்ணு எந்திரிச்சு அஞ்சும் வேண்டாம்னு ரெண்டே நோட்டுல வாசிச்சா, அதுவும் முக்கால்வாசி ஒரே நோட்டு, ஆனா அந்த ஒரு நோட்ட கடைசி 'க'ல போடறா, அடுத்த பார்ல போடாம விடறா, அதுக்கு அடுத்த பார்ல ரெண்டு சேத்துப் போடறா. ட்ரம்ஸ் பையன் சிரிச்சுட்டே அவ கூட ஸ்நேர்ல அதையே திரும்ப அடிக்கறான். ஸ்கேல் எல்லாம் தெரிஞ்ச எங்க முதல் ஆல்டோ அவளுக்கு அடுத்து எந்திரிச்சு மேலயும் கீழயும் ஓடி ஓடி வாசிச்சான், கை தட்டினாங்க, அவளுக்குத் தட்டின அளவுக்கு இல்ல. சோலோ பின்னாடி வர்ற பேக்ரவுண்ட் மட்டும் கொஞ்சம் தடிமனா இருக்கு, நாங்க ரெண்டாவது சுத்துல இருந்துதான் விடறோம்.

ஒரு விஷயம் இடையில சொல்லிடறேன். எங்க பேண்டுக்கு அப்பப்போ வந்து கேக்கற ஒரு பெரியவர், நல்ல ட்ராம்போன்காரர், "ராக் எல்லாம் எதுக்குப்பா, ஜாஸ் சொல்லிக்குடு"ன்னு தலைய ஆட்டினாரு. ஸ்விங்குன்னா கவுண்ட் பேஸின்னு சொல்லுவோமே, அவர் பேண்டே 1966ல பீட்டில்ஸ் பாட்டா எடுத்து ஒரு முழு ஆல்பம் போட்டுச்சு. ஜாஸ் ட்ரம்பெட்காரர் மேனார்ட் ஃபெர்குசன் 1977ல ஒரு பாக்ஸிங் படத்து தீம பிக் பேண்டுக்கு எடுத்து பாப் ஹிட் லிஸ்டுக்குள்ளயே போனாரு. ராக் பக்கத்துல இருந்து பாத்தா ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸ் மூணையும் நிரந்தரமா வெச்சுக்கிட்டு 1967ல ஆரம்பிச்ச ராக் பேண்டுதான் சிகாகோ. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கதவு எப்பவோ தொறந்தாச்சு. ஆனா அவர் சொன்னதுல ஒரு நியாயமும் இருக்கு, இத மட்டுமே வாசிச்சா பசங்களுக்கு ஸ்விங் வராது, எய்ட்த் நோட்ட ஆட்டறது தனிப் பயிற்சி, அதனால இதோட ஒரு ப்ளூஸ் ஸ்விங் சார்ட்டும் எப்பவும் ஸ்டாண்ட்ல இருக்கணும். அதுக்கு அவரையே வரச் சொல்லியிருக்கேன், வராரு.

சரி, அந்த அச்சுப்பிழை. பிரிட்ஜ் முடியற எடத்துல டி செவன் வந்து திரும்ப ஜி மைனருக்குப் போகும். ரெண்டாவது டெனர் பார்ட்ல அந்த பார்ல ஒரு ஜி இருக்கு, அது ஜி ஷார்ப்பா இருக்கணும், ஷார்ப் விட்டுப்போச்சு. டெனர்ல ஜின்னா நெஜத்துல கேக்கறது எஃப், கூட ரெண்டாவது ட்ரம்பெட் சரியா ஷார்ப் போட்டு எஃப் ஷார்ப் வாசிக்குது. எஃபும் எஃப் ஷார்ப்பும் ஒரே நேரத்துல. வேற எந்தக் கார்டா இருந்தாலும் உடனே காதக் கடிச்சிருக்கும், ஆனா டி செவன் மேல எஃப் சேந்தா அது செவன் ஷார்ப் நைன், கிட்டார்காரங்க ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பேர வெச்சு ஹெண்ட்ரிக்ஸ் கார்டுன்னு சொல்றாங்களே அதே. நானும் ஆஹா, ஈஸி சார்ட்ல எவ்ளோ தைரியமா ஷார்ப் நைன் வெச்சிருக்காருன்னு ரசிச்சு, பசங்களுக்கு அதப் பத்தி பத்து நிமிஷம் போர்டுல படம் போட்டு பாடமே எடுத்துட்டேன். ரெண்டு ரிகர்சல் கழிச்சு அந்த டெனர் பொண்ணு, பஸ் நோட் பொண்ணுதான், ஸ்கோரத் தூக்கிட்டு வந்து "சார், இதுல ஷார்ப் இருக்கே"ன்னுச்சு. இருக்கு. கொட்ட எழுத்துல இருக்கு. வித்தவங்களுக்கு எழுதிக் கேட்டேன், மூணு வாரமா பதில் இல்ல. பென்சில்ல போட்டுக்கிட்டோம்.

பத்துக்கு ஏழரை குடுக்கறேன். பிரிட்ஜுக்காக ஒண்ணு கூட்டி, ட்ராம்போன் பையன் தோள்பட்டைக்காக ஒண்ணு கழிச்ச கணக்கு அது. ஷார்ப் நைன் இப்ப இல்லாம வாசிக்கறோம், சுத்தமா இருக்கு, ஆனா கிட்டார் பையன் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த எடம் வரும்போது என்னப் பாத்து சிரிச்சுட்டே அந்த எஃப்ப சேத்து அடிக்கறான். நான் பாக்காத மாதிரி இருந்துக்கறேன்.